300, 500: இரண்டு கோடுகளுக்காக வாங்க வேண்டிய பிளாஸ்டிக் விரிப்பு

குழந்தை பிறந்ததும் தாயின் இடுப்புக்கு அடியில் விரிக்கும் ஒரு பிளாஸ்டிக் தாள். கீழ்ப்பக்கம் புனல் போலக் குறுகி, உள்ளே இருப்பது வெளியே தெரியும் பையாக முடிகிறது. பையில் மில்லிலிட்டர் அளவுகள் அச்சிட்டிருக்கும். அவற்றில் 300-லும் 500-லும் இருப்பவை எச்சரிக்கைக் கோடுகள். பிரசவ அறையில் இதற்கு 'ட்ரேப்' என்றே பேர். கரன்ட் வேண்டாம், ஆபரேட்டர் வேண்டாம், ஒரு பிரசவத்துக்கு ஒன்று போதும். பிரசவத்துக்குப் பின் வரும் ரத்தப்போக்கை, அதாவது பிபிஹெச்சை, நேரத்தோடு பிடிப்பதற்கு இன்று காசு கொடுத்து வாங்கக்கூடிய பொருள்களில் முதலில் வாங்க வேண்டியது இது என்பது எங்கள் முடிவு. ஆனால் இதை மட்டும் வாங்கிவிட்டு நிறுத்தினால் பயனில்லை. அதற்கும் ஆதாரம் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், 2023-ல் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் இறந்த பெண்கள் ஏறக்குறைய 2,60,000 பேர். வருமானம் குறைந்த நாடுகளில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 346 தாய்மார் இறக்கிறார்கள். பணக்கார நாடுகளில் 10 பேர். இந்த இறப்புகளின் நேரடிக் காரணங்களில் ரத்தப்போக்குக்கே முதலிடம். வைத்தியம் தெரியாத நோய் இல்லை இது. மருந்து இருக்கிறது, செய்முறை இருக்கிறது. தாமதமாகத் தெரிய வருவதுதான் ஆளைக் கொல்கிறது.

ஏன் தாமதம்? ரத்தம் பெட்ஷீட்டில் ஊறுகிறது, பஞ்சில் ஊறுகிறது, கட்டிலுக்குக் கீழே இருக்கும் பக்கெட்டில் பனிக்குட நீரோடும் சிறுநீரோடும் கலக்கிறது. கண்ணால் பார்த்து 'ஒரு 300 இருக்கும்' என்று கேஸ் ஷீட்டில் எழுதுகிறார்கள். ரத்தம் அதிகமாகப் போகப் போக, கண் கணிப்பு இன்னும் குறைவாகவே வரும். கர்நாடகத்தின் பெலகாவியில் ட்ரேப் அளவோடு ஒப்பிட்டபோது, கண் மதிப்பீடு 33 சதவீதம் குறைவாக இருந்தது. அனுபவம் இருந்தால் இந்தப் பிழை போய்விடும் என்று நம்ப வேண்டாம்.

இந்த விரிப்பின் பூர்வீகத்திலும் பெலகாவிக்குப் பங்கு உண்டு. அங்குள்ள ஜவாஹர்லால் நேரு மருத்துவக் கல்லூரி, கிராமங்களில் துணைச் செவிலியர்கள் பார்க்கும் பிரசவங்களில் மிசோப்ரோஸ்டால் மாத்திரை ரத்தப்போக்கைத் தடுக்கிறதா என்று பார்த்தது. அமெரிக்க அரசின் குழந்தை நல ஆய்வு நிறுவனமான என்ஐசிஹெச்டியின் ஆய்வுப் பணம் அதற்குப் பின்னால் இருந்தது. 1,620 பெண்கள் சேர்ந்த அந்த ஆய்வு 2006-ல் வெளியானது. 600 மைக்ரோகிராம் மாத்திரையால், பிபிஹெச் வந்த பெண்களின் விகிதம் 12 சதவீதத்திலிருந்து 6.4 சதவீதமாகக் குறைந்தது. மருந்து வேலை செய்கிறதா என்று சொல்ல, வீட்டிலும் துணை சுகாதார நிலையத்திலும் நம்பி அளக்கக்கூடிய கருவி வேண்டியிருந்தது. அந்தத் தேவைக்காகவே பை வைத்த விரிப்பு அங்கே புழக்கத்துக்கு வந்தது. மருந்தைச் சோதிக்கக் கொடுத்த பணத்தில் ஓர் அளவுகோலும் கிடைத்தது.

அடுத்து நடந்ததை வாங்குபவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஐரோப்பாவின் 13 நாடுகளில் 78 பிரசவப் பிரிவுகளில், 25,000-க்கும் மேற்பட்ட பிரசவங்களில் ரத்தம் சேர்க்கும் பையைச் சோதித்தார்கள். 2010-ல் முடிவு வந்தது: பை வைத்த இடத்திலும் வைக்காத இடத்திலும் கடுமையான ரத்தப்போக்கில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. அளவு தெரிந்தது, ஆனால் எந்த அளவில் யார் என்ன செய்ய வேண்டும் என்பது பையோடு சேர்ந்து வரவில்லை.

அந்த இடத்தைத்தான் 'ஈ-மோட்டிவ்' ஆய்வு நிரப்பியது. கோடு போட்ட விரிப்பு, ரத்தப்போக்கு தெரிந்ததும் எல்லாவற்றையும் சேர்த்துத் தொடங்கும் சிகிச்சைத் தொகுப்பு: இரண்டும் சேர்ந்ததுதான் அது சோதித்த புதிய முறை. கேட்ஸ் அறக்கட்டளையின் பணம், பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் தலைமை. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளில் 80 மருத்துவமனைகள், யோனிவழிப் பிரசவமான 2,10,132 பெண்கள். 2023 மே மாதம் வந்த முடிவு: ஒரு லிட்டரும் அதற்கு மேலும் ரத்தப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறக்கும் அறுவை, அதனால் இறப்பு, இவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள் வழக்கமான முறையில் 4.3 சதவீதம், புதிய முறையில் 1.6 சதவீதம். அறுபது சதவீதக் குறைவு.

ஆனால் அந்த ஆய்வில் எங்களை அதிகம் நிறுத்தி யோசிக்க வைப்பது வேறொரு எண். ஒப்பீட்டுக்கு வைத்த மருத்துவமனைகளிலும் விரிப்பு போட்டார்கள். அதே மாதிரி பை. கோடு மட்டும் இல்லை. சேர்ந்த ரத்தத்தைப் பிறகு எடை போட்டு அளந்தார்கள். அங்கே பிபிஹெச் வந்தவர்களில் 51.1 சதவீதத்தை மட்டுமே பணியில் இருந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். கோடு இருந்த இடத்தில் 93.1 சதவீதம். ரத்தம் கண்முன் பையில் தேங்கி நின்றும் ஏறக்குறைய பாதிப் பேர் தவறிப்போனார்கள். சிகிச்சைத் தொகுப்பு முழுதாகக் கிடைத்தது அங்கே 19.4 சதவீதத்துக்கு, இங்கே 91.2 சதவீதத்துக்கு. ஆகவே கோடில்லாத மலிவு விரிப்பை யாராவது 'இதுவும் அதுதான்' என்று விற்க வந்தால், வாங்காதீர்கள்.

போடும் முறை எளிது. ஆனால் வரிசை தவறக் கூடாது. குழந்தை வெளியே வந்த பிறகுதான் விரிக்க வேண்டும். முன்பே விரித்தால் பனிக்குட நீர் பையில் இறங்கி, முதல் பத்து நிமிடத்திலேயே பொய்க் கணக்கு வரும். தாயை லேசாகப் புரட்டி, விரிப்பின் மேல்முனையை முதுகின் கீழ்ப்பகுதி வரை தள்ளி, நாடா இருந்தால் இடுப்பில் கட்ட வேண்டும். பை கட்டிலின் விளிம்பைத் தாண்டித் தொங்க வேண்டும். கால்பகுதியைக் கழற்றும் பிரசவக் கட்டிலில் இது தானாக அமையும். தட்டையான கட்டிலில் பை மெத்தைமேல் படுத்துக் கிடக்கும், அளவு வராது. தாயை விளிம்புக்கு நகர்த்தியாக வேண்டும். மெத்தை நடுவில் குழிந்திருந்தால் ரத்தம் பைக்கு வராமல் முதுகுப் பக்கம் ஓடும். தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தினால் சரியாகும்.

ஒரு மணி நேரம் விரிப்பு இருக்கட்டும். 15 நிமிடத்துக்கு ஒரு முறை மூன்றைப் பார்த்து எழுத வேண்டும்: பையில் எவ்வளவு, ரத்தம் சொட்டுகிறதா ஓடுகிறதா, கர்ப்பப்பை இறுகியிருக்கிறதா தொளதொளவென்று இருக்கிறதா. நாடியும் ரத்த அழுத்தமும் அந்த மணி நேரத்துக்குள் பார்த்திருக்க வேண்டும். படிக்கும்போது பையின் மடிப்பை நீவிவிட்டு, கண்ணைக் கோட்டின் மட்டத்துக்குக் கொண்டுவந்து படிக்க வேண்டும். நின்றபடி மேலிருந்து எட்டிப் பார்த்தால் 50 மில்லி இப்படியும் அப்படியும் போகும். பஞ்சிலும் பேடிலும் ஊறியது பையில் வராது. அவற்றை எடை போட்டு, காய்ந்த பேடின் எடையைக் கழித்து, ஒரு கிராமுக்கு ஒரு மில்லி என்று சேர்க்க வேண்டும். தையல் போடும்போது பஞ்சு நிறையச் செலவாகும் என்பதால் இதை விட்டால் கணக்கு கணிசமாகக் குறையும்.

500-ஐத் தொட்டால் வேறெதற்கும் காத்திருக்க வேண்டாம். 300-ஐத் தொட்டு, கூடவே ஏதாவது ஒன்று சரியில்லை என்றாலும் தொடங்கிவிட வேண்டும். நாடி 100-க்கு மேல், மேல் அழுத்தம் 100-க்குக் கீழ், கீழ் அழுத்தம் 60-க்குக் கீழ் ஆகியவை அந்த அறிகுறிகள். உலக சுகாதார நிறுவனமும், மகப்பேறு மருத்துவர்கள், பேறுகாலச் செவிலியர்கள் ஆகியோரின் உலகக் கூட்டமைப்புகளும் சேர்ந்து 2025 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதல் இந்த 300 வரம்பை ஏற்றுக்கொண்டது. 500 வரும்வரை கைகட்டி நின்ற பழைய பழக்கம் இதோடு போக வேண்டும். கோடு எட்டாமலேயே ஆள் வெளிறினால், மயங்கினால், அனுபவமுள்ள சிஸ்டரின் உள்ளுணர்வு 'சரியில்லை' என்றால், அதுவும் போதுமான காரணம்.

தொடங்கினால் ஒன்றன்பின் ஒன்றாக ஒவ்வொன்றையும் முயன்று பார்ப்பது கிடையாது. எல்லாம் சேர்த்து, 15 நிமிடத்துக்குள். கர்ப்பப்பையை இறுகும்வரை அல்லது ஒரு நிமிடம் மசாஜ். கர்ப்பப்பையை இறுக்கும் மருந்தான ஆக்ஸிடோசின் 10 யூனிட் நரம்பு வழியாக. 200 முதல் 500 மில்லி சலைனில் கலந்து 10 நிமிடத்தில் விடலாம். பிறகு ஒரு லிட்டரில் 20 யூனிட், நான்கு மணி நேரத்துக்கு. ரத்தக் கசிவை நிறுத்த உதவும் டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம், 10 நிமிடத்தில். தேவைக்கேற்ற சலைன். சிறுநீர்ப்பையைக் காலி செய்து, ரத்தக் கட்டிகளை எடுத்து, கிழிசலைத் தேடி, நஞ்சுக்கொடி முழுதாக வந்ததா என்று பார்ப்பது. நிற்கவில்லை என்றால் உடனே பெரிய டாக்டருக்கு, அல்லது பெரிய ஆஸ்பத்திரிக்கு.

டிரானெக்ஸாமிக் அமிலத்துக்கு ஆதாரம் 2017-ல் வந்தது. 21 நாடுகளில் 20,060 பெண்கள். பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப்போக்கால் வரும் இறப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அதற்குப் பிறகு பலன் இல்லை. ஒரு எச்சரிக்கை: இதன் ஆம்பூலும் முதுகுத்தண்டில் போடும் மயக்க மருந்தின் ஆம்பூலும் பார்க்க ஒன்றுபோல் இருந்து, தவறுதலாக முதுகில் போடப்பட்டு உயிர்ச்சேதம் நடந்திருக்கிறது. 2022-ல் உலக சுகாதார நிறுவனமே எச்சரித்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

ஆகவே விரிப்போடு சேர்த்து வாங்க வேண்டியது ஒரு பெட்டி அல்லது தள்ளுவண்டி. ஐவி செட், பெரிய கேனுலா, சலைன், டிரானெக்ஸாமிக், கையுறை, கதீட்டர், எல்லாம் ஒரே இடத்தில், பூட்டாமல். ஆக்ஸிடோசின் மட்டும் 2 முதல் 8 டிகிரி ஃப்ரிட்ஜில். மேஜை மேல் நாள்கணக்கில் கிடந்த ஆக்ஸிடோசினைப் போட்டுவிட்டு 'மருந்து கேட்கவில்லை' என்று சொல்லிப் பயனில்லை. குளிர்சாதனம் நம்ப முடியாத இடங்களுக்கு, ரத்தப்போக்கைத் தடுக்கும் முன்மருந்தாக வெப்பம் தாங்கும் கார்பெட்டோசின் இருக்கிறது. 10 நாடுகளில் 29,645 பெண்களிடம் சோதித்து 2018-ல் முடிவு வந்த மருந்து அது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஈ-மோட்டிவ் சிசேரியனைச் சேர்க்கவில்லை. அந்த எண்களை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோக முடியாது. ரத்தம் ஏற்றுவதிலோ, இறப்பை மட்டும் தனியாக எடுத்தாலோ, தெளிவான வித்தியாசத்தை அந்த ஆய்வு காட்டவில்லை. கர்ப்பப்பைக்குள்ளேயே தேங்கும் ரத்தத்தையும் திசுவுக்குள் கட்டிக்கொள்ளும் ரத்தத்தையும் எந்தப் பையும் காட்டாது. பை காலியாக இருந்து நாடி ஏறினால் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஈரமான பிளாஸ்டிக்கில் ஒரு மணி நேரம் படுப்பது தாய்க்கு அசௌகரியம். ஏன் என்று முதலிலேயே சொன்னால் பொறுத்துக்கொள்வார்கள். கட்டில் பற்றாக்குறையில் அரை மணியில் உருவி எடுப்பதுதான் நெரிசலான வார்டுகளில் நடக்கும் தவறு. ஒருமுறை பயன்படுத்தியதைக் கழுவி மறுபடி போடுவது தொற்றுக்கு வழி.

ஏற்றத்தாழ்வைக் குறைக்க ஆய்வுக்குக் கொடுக்கும் பணம் எங்கே பலன் தருகிறது என்று கேட்பவர்களுக்குக் கலிபோர்னியாவையும் காட்டலாம். அங்கே 99 மருத்துவமனைகள் சேர்ந்து ரத்தத்தை அளப்பது, தயார் வண்டி, படிப்படியான நெறிமுறை ஆகியவற்றைக் கொண்டுவந்தன. ரத்தப்போக்கு வந்த தாய்மாரில் கடுமையான பாதிப்பு கருப்பினப் பெண்களிடம் 9 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. வெள்ளையினப் பெண்களிடம் 2.1. எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வைத்தபோது, முன்பு அதிகம் தவறவிடப்பட்டவர்கள் அதிகம் பலன் பெற்றார்கள். பையில் இருக்கும் கோட்டுக்கு யார் ஏழை, யார் எந்த நிறம், யார் வாய்விட்டுக் கத்தாதவர் என்பது தெரியாது.

இங்கே ஒரு ஓட்டை இருக்கிறது. ஆய்வு நடக்கும்வரை விரிப்பு திட்டப் பணத்தில் வரும். முடிவு வெளியானதும் அந்தக் கணக்கு மூடப்படும். மருத்துவமனையின் கொள்முதல் பட்டியலில் ட்ரேப் என்ற வரியே இருக்காது. நிதி கொடுப்பவர்கள் ஒப்பந்தத்திலேயே கடைசி ஆண்டை அரசுக் கொள்முதலுக்கு மாற்றும் ஆண்டாக எழுத வேண்டும்: பொருளின் விவரக் குறிப்பு, ஆண்டுத் தேவை, எந்தத் தலைப்பில் பணம், எல்லாவற்றோடும். தேவையைக் கணக்கிடும்போது பிபிஹெச் எண்ணிக்கையை எடுக்கக் கூடாது. யாருக்கு வரும் என்று முன்கூட்டித் தெரியாது. ஆகவே யோனிவழிப் பிரசவங்கள் எத்தனையோ அத்தனை, கூடக் கொஞ்சம் இருப்பு.

டெண்டர் முடிவாகும் முன் மாதிரி கேளுங்கள். உங்கள் வார்டுக் கட்டிலிலேயே தொங்கவிட்டு, அளந்த 300 மில்லி தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். பிறகு இன்னும் 200. தண்ணீர் கோட்டில் நிற்க வேண்டும். தையல் விளிம்பில் கசியக் கூடாது. இரவு விளக்கில், மூன்றடி தள்ளி நின்று, கோடு தெரிய வேண்டும். ஒவ்வொரு புதிய லாட் வரும்போதும் ஒன்றைப் பிரித்து இதே சோதனையைச் செய்யுங்கள். தண்ணீர் கோட்டில் நிற்காத லாட்டைத் திருப்பி அனுப்புங்கள்.