ரூ. 18,500: சபைக்கு பேஸ் ப்ரீஆம்ப் வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

யாரோ கழற்றிப் பழுது பார்த்து மூடிய ஒரு பேஸ் ப்ரீஆம்ப் பெடலை (பேஸ் கிட்டாரின் ஒலியைப் பெருக்கி, சீர்படுத்தி மிக்சருக்கு அனுப்பும் சிறு பெட்டி) புத்தம் புதியது என்று சொல்லி, ரூ. 18,500-க்கு எங்கள் சபையின் தலையில் கட்டிவிட்டார்கள். விற்றது, இசைக்கருவிகளை நேரிலும் வாட்ஸ்அப் வழியாகவும் விற்கும் ஒரு பெருநகரக் கடை. புகார் விசாரணை முடியும்வரை கடையின் பெயரை எழுதப் போவதில்லை. பெடலின் பிராண்டையும் சொல்லப் போவதில்லை. தயாரித்தவர்கள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆராதனையில் பேஸ் வாசிக்க ப்ரீஆம்ப் போதுமா, பல ஆம்ப்ளிஃபயர்களின் ஒலியை டிஜிட்டலாகப் போலச் செய்யும் மாடலிங் பெடல் வேண்டுமா என்று கேட்கும் வாலிபப் பிள்ளைகளுக்காக விரிவான வழிகாட்டியாகவே இதை எழுத உட்கார்ந்தேன். இன்று காலை அந்தக் கடையிலிருந்து வந்த பதிலைப் படித்த பிறகு, நடந்ததை முதலில் சொல்லிவிடுவதே சரி என்று தோன்றுகிறது.

எங்களுடையது தென்மாவட்டத்துப் பழைய சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயம். உயர்ந்த கூரை, கனத்த சுவர்கள், தூணுக்கு ஒன்றாக மாட்டிய, ஒடுங்கி நீண்ட ‘காலம்’ (column) ஸ்பீக்கர்கள். பிரசங்கம் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்ட அந்த ஸ்பீக்கர்களில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக ஒன்றும் வெளிவராது. பேஸ் கிட்டாரின் தாழ்ந்த ‘ஈ’ கம்பி ஒலிப்பதோ 41 ஹெர்ட்ஸில். ஆகவே மிக்சரில் ‘லோ’ குமிழை எவ்வளவு திருப்பினாலும் ஸ்பீக்கர் திணறுமே ஒழிய, கடைசி பெஞ்சில் இருப்பவருக்குப் பாட்டின் அடிச்சுரம் கேட்காது. அங்கே உதவுவது 700, 800 ஹெர்ட்ஸ் பக்கத்து நடு ஒலியும், அந்தச் சுரத்தின் ஹார்மானிக்ஸை (அதன் மடங்கான மேல் அதிர்வெண்களை) எழுப்பித் தரும் மிக இலேசான டிரைவும், அதாவது ஒலியில் ஏற்றும் சிறு கரகரப்பும்தான். அவை கேட்டால் கீழ்ச்சுரத்தைக் காது தானே நிரப்பிக்கொள்ளும். அதோடு, பாஸிவ் பேஸை (உள்ளே பேட்டரிச் சுற்று இல்லாதது) நேராக மிக்சரின் லைன் இன்புட்டில் சொருகினால் ஒலி மங்கிப் போகும். கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் கிட்டார் பிக்கப் எதிர்பார்க்கும் இன்புட் மின்தடை சுமார் 1 மெகாஓம், அதாவது 1,000 கிலோஓம். மிக்சரின் லைன் இன்புட் பெரும்பாலும் 10 கிலோஓம் அளவில்தான் இருக்கும். கீபோர்டு வாசிப்பவர் ஸ்டைலை (தானாக ஒலிக்கும் பக்க இசையை) போட்டு, அதிலுள்ள பேஸையும் அணைக்காமல் விட்டால், எந்தப் பெடலாலும் உங்களைக் காப்பாற்ற முடியாது என்பதையும் இடையில் சொல்லிவைக்கிறேன்.

எதை வாங்குவது என்பதில் எங்களுக்குள் நீண்ட பேச்சு நடந்தது. இளைஞர்களுக்கு மாடலிங் பெடல்மீதுதான் ஆசை. ஒரே பெட்டியில் பத்துப் பதினைந்து ஆம்ப்ளிஃபயர்களின் ஒலியும் கம்ப்ரஸரும் ட்யூனரும் வந்துவிடுகின்றன என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் ஜூம் பி1 ஃபோர் போன்ற விலை குறைந்தவற்றிலும், பல மடங்கு விலையுள்ள லைன் 6 எச்எக்ஸ் ஸ்டாம்ப்பிலும்கூட எக்ஸ்எல்ஆர் வெளியீடு (நீண்ட கேபிளிலும் இரைச்சல் சேராத மூன்று முள் இணைப்பு) கிடையாது. எங்கள் மிக்சர் இருப்பதோ ஆலயத்தின் பின்கோடியில். பீடத்தருகே இருந்து அவ்வளவு தூரத்துக்குச் சாதாரண கிட்டார் கேபிளை இழுத்தால் மின்விசிறி இரைச்சலெல்லாம் சேர்ந்து வரும்; கிட்டார் ஒலியை எக்ஸ்எல்ஆர் கேபிளுக்கு ஏற்றதாக மாற்றும் டி.ஐ. பாக்ஸ் ஒன்றைத் தனியாக வாங்கியே ஆக வேண்டும். சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் டி.ஐ., எம்எக்ஸ்ஆர் எம்80 போன்ற அனலாக் ப்ரீஆம்ப்களில் எக்ஸ்எல்ஆர் வெளியீடு உண்டு. மிக்சரிலிருந்து அதே கேபிள் வழியாக வரும் 48 வோல்ட் மின்சாரமான ஃபேன்டம் பவரிலேயே அவை இயங்கவும் செய்யும். எல்லாம் கையால் திருப்பும் குமிழ்கள்தான். கீர்த்தனைக்கு நடுவில் மெனுவைத் தேடிக் குனிய வேண்டியதில்லை. அந்த வகையில் ஒன்றை வாங்குவது என்று கமிட்டி முடிவு செய்தது. பொருளாளர் அண்ணாச்சி ஒரு பகுதிக்கு ஒப்புக்கொண்டார். மீதி, வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்டில் சேர்த்த பணம். மொத்தம் ரூ. 18,500.

கடைக்காரர் முதல் அழைப்பிலேயே “ஸ்தோத்திரம் பிரதர்” என்றுதான் ஆரம்பித்தார். தானும் ஒரு சபையில் பேஸ் வாசிப்பவர்தான் என்றார். எங்கள் ஆலயத்தின் நீளம் என்ன, கூரை ஓடா கான்கிரீட்டா, பாடகர் குழுவுக்கு என்ன மைக் என்றெல்லாம் பொறுமையாகக் கேட்டார். விற்பதில் மட்டும் குறியாக இருக்கிறவர்கள் இப்படிக் கேட்பதில்லை. பிறகு அந்தப் பெடலையே ஒரு ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, எல்லாருக்கும் தெரிந்த ஒரு பாமாலை ராகத்தை வாசித்துக் காணொளியாக அனுப்பினார். ஒலி அருமையாக இருந்தது, அதை இப்போதும் மறுக்கமாட்டேன். “சர்ச்சுக்குன்னா நான் லாபம் பார்க்கிறதில்ல பிரதர், பாக்ஸ் பீஸ், ஒரு வருஷம் வாரன்ட்டி, ஏதாவதுன்னா என்னைக் கூப்பிடுங்க” என்ற குரல் செய்தி இன்றும் என் கைபேசியில் இருக்கிறது. ஜி.எஸ்.டி. பில் கேட்டேன், பார்சலோடு வரும் என்றார். பணத்தை அனுப்பச் சொன்ன யு.பி.ஐ. கணக்கு கடையின் பெயரில் இல்லாமல் ஒரு தனிநபர் பெயரில் இருந்தது. கடையின் கணக்கில் ஏதோ தடங்கல், இது தன் தம்பியின் எண் என்று விளக்கம் சொன்னார். பணம் சேர்ந்ததும் “காட் ப்ளெஸ்” என்று ஒரு செய்தி வந்தது. பார்சலில் பில் இல்லை. ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. அதில் பெடலின் பெயரும் ரூ. 18,500 என்ற தொகையும் மட்டும். சீரியல் எண் இல்லை. கேட்டதற்கு, ஆடிட்டர் ஊரில் இல்லை, அடுத்த வாரம் அனுப்புகிறேன் என்றார். அந்த அடுத்த வாரம் இன்றுவரை வரவில்லை.

பயிற்சி அறையில் சிறிய ஆம்ப்ளிஃபயரில் வாசித்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில்தான் முதன்முறையாக எக்ஸ்எல்ஆர் வழியாக மிக்சரில் இணைத்தோம். ஃபேன்டம் பவர் தேவைப்படும் பாடகர் குழுவின் கண்டன்சர் மைக்குகளுக்காக எங்கள் மிக்சரில் 48 வோல்ட் எப்போதும் போட்டே இருக்கும். அந்த மிக்சரில் அது எல்லாச் சேனல்களுக்கும் பொதுவான ஒரே சுவிட்சு. இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் இரண்டாம் வார்த்தை தியானத்துக்கு முன் பாடிய பாட்டின் நடுவே, எண்ணெயில் கடுகு பொரிவது போன்ற ஒரு சத்தம் கிளம்பியது. நான் கம்பியைத் தொடாதபோதும் அது நிற்கவில்லை. பின்னால் மிக்சரைக் கவனித்த தம்பி சேனலை அணைத்துவிட்டான். மீதி ஆராதனை முழுவதும் ஒலியே வெளிவராத கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றேன். ஈஸ்டர் அதிகாலை ஆராதனைக்கு வேறு கேபிளும் வேறு சேனலும் மாற்றிப் பார்த்தோம். அதே சத்தம், கூடவே பேஸின் அளவும் பாதியாகக் குறைந்திருந்தது.

இதற்குப் பிறகு கிடைத்த பதில்களைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். முதலில், “உங்க சர்ச்ல எர்த் சரியில்ல பிரதர்” என்றார். எர்த் கோளாறு என்றால் நம் ஊர் மின்சாரத்தில் 50 ஹெர்ட்ஸில் விடாமல் ஒரு ரீங்காரம் கேட்கும். பெடலில் எர்த் இணைப்பைத் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தள்ளினால் அது மாறும். எங்களுக்குக் கேட்டது பொரியும் சத்தம். சுவிட்சைத் தள்ளியும் மாறவில்லை. அதே பிளக்கில் இருந்த கீபோர்டு சுத்தமாக ஒலித்தது. இதையெல்லாம் எழுதி, ஒலிப்பதிவும் அனுப்பினேன். அடுத்து, அடாப்டரை மாற்றுங்கள் என்றார், மாற்றினோம். பிறகு, பேஸின் பிக்கப் பழுது என்றார். வேறொரு பேஸை வாங்கி வந்து சோதித்தோம். அதன் பிறகு அழைப்பை எடுப்பது நின்றது. வேறொரு எண்ணிலிருந்து பேசிய பணியாளர், பெடலைக் கூரியரில் அனுப்பினால் கம்பெனிக்கு அனுப்பிப் பார்ப்போம், இரண்டு மூன்று மாதம் ஆகும், கூரியர் செலவு உங்களுடையது என்றார். பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றதும் அவர் கேட்டாரே ஒரு கேள்வி: “எஸ்டிமேட்ல சீரியல் நம்பர் இல்லையே சார், இது எங்க கடையில வாங்கினதுன்னு எப்படிச் சொல்றீங்க?” அந்தச் சீட்டை எழுதியவர்களே இதைக் கேட்கிறார்கள்.

ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கும் ஒரு அண்ணனிடம் பெடலைக் கொண்டுபோனேன். கீழ்த் தகட்டைத் திறப்பதற்கு முன்பே, திருகுகளின் தலை தேய்ந்திருப்பதைக் காட்டினார். உள்ளே மற்ற எல்லாப் பாகங்களும் இயந்திரம் பற்றவைத்த ஒரே சீரான பளபளப்போடு இருக்க, எக்ஸ்எல்ஆர் சாக்கெட்டின் பக்கத்தில் மட்டும் பழுப்பாக உருகி உறைந்த ஃப்ளக்ஸ் (பற்றவைக்கும்போது பயன்படுத்தும் பசை) படிந்திருந்தது. பெயர்ந்துபோன ஒரு தடத்துக்குப் பதிலாக மெல்லிய வயர் ஒன்று வளைத்துப் பற்றவைக்கப்பட்டிருந்தது. அந்த வெளியீட்டில் 48 வோல்ட் ஒலிச் சுற்றுக்குள் நுழையாமல் தடுத்து நிறுத்த வேண்டிய இரண்டு கப்பாசிட்டர்களும் பிறகு மாற்றிப் போடப்பட்டவை. அவற்றின்மேல் அச்சிட்டிருந்தது 16 வோல்ட். குறைந்தது 50 அல்லது 63 வோல்ட் தாங்கும் கப்பாசிட்டர் இருக்க வேண்டிய இடம் அது. ஃபேன்டம் பவர் பட்டதும் அவை கசியத் தொடங்கும், அதுதான் அந்தப் பொரியல் என்றார் அண்ணன். மேசைமேல் 48 வோல்ட்டைப் போட்டும் அணைத்தும் காட்டினார். போட்டால் சத்தம், அணைத்தால் சிறிது நேரத்தில் அமைதி. கடைக்காரர் அனுப்பிய காணொளியில் ஏன் எக்ஸ்எல்ஆரைத் தொடாமல் சாதாரண ஜாக்கில் மட்டும் வாசித்தார் என்பது அப்போதுதான் விளங்கியது. எங்கள் பாடகர் குழுவுக்கு என்ன மைக் என்று கேட்டறிந்தவர் அவர். எங்கள் மிக்சரில் ஃபேன்டம் பவர் ஓடும் என்பதைத் தெரிந்துகொண்டேதான் இதை அனுப்பியிருக்கிறார்.

பழுது பார்த்த பழைய பொருள் என்று சொல்லி ஆறாயிரத்துக்குக் கொடுத்திருந்தால்கூட ஒரு பேச்சும் இல்லை. பாக்ஸ் பீஸ் என்று சொல்லி ரூ. 18,500 வாங்கியிருக்கிறார்கள். படங்களை எல்லாம் அனுப்பி, பணத்தைத் திருப்பித் தராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்று எழுதியதற்கு இன்று காலை வந்த பதில் இது: “கோர்ட்டு கேஸுன்னு போறது விசுவாசிக்கு அழகா பிரதர்? ஜெபம் பண்ணுங்க, கர்த்தர் வழி காட்டுவார்.” பிள்ளைகள் பனியில் வீடு வீடாகப் பாடிச் சேர்த்த பணத்தை எடுத்துக்கொண்டவர் எனக்கு வேதம் சொல்கிறார்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது என்பதால் அங்கேயும் போகிறோம். போதகர் ஐயாவும் கையெழுத்துப் போடச் சம்மதித்திருக்கிறார்.

விரிவாக எழுத நினைத்த வழிகாட்டிக்கு இப்போது மனமும் இல்லை, நேரமும் இல்லை. அவசரமாகச் சில மட்டும். காணொளி கேட்டால், எக்ஸ்எல்ஆர் கேபிள் மிக்சருக்குப் போவதும், 48 வோல்ட் விளக்கு எரிவதும், பெடலின் சீரியல் எண்ணும் ஒரே காட்சியில் தெரியும்படி கேளுங்கள். முடியாது என்றால் அந்தக் கடை வேண்டாம். சீரியல் எண் எழுதிய ஜி.எஸ்.டி. பில் கைக்கு வராமல், கடையின் பெயரில் இல்லாத கணக்குக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். பார்சலைப் பிரிப்பதைப் படம் பிடியுங்கள், திருகுகளின் தலையையும் சேர்த்து. மாடலிங் பெடல் வாங்குகிறவர்கள், அதில் எக்ஸ்எல்ஆர் இல்லையென்றால் டி.ஐ. பாக்ஸின் விலையையும் கூட்டிக் கணக்குப் போடுங்கள். அடாப்டரின் ஆம்பியர் அளவையும் பாருங்கள், எச்எக்ஸ் ஸ்டாம்ப் போன்றவை 9 வோல்ட்டில் 3 ஆம்பியர் கேட்பவை, சாதாரண பெடல் அடாப்டரில் அவை ஓடாது. பண்டிகை ஆராதனைக்கு முன் ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமையிலாவது மிக்சரோடு இணைத்துப் பாருங்கள். “ஸ்தோத்திரம்” சொல்கிறவரிடமும் பில் கேளுங்கள்.

மற்றவை பிறகு. புகாரோடு இணைக்க வேண்டிய வாட்ஸ்அப் பதிவுகளை அச்செடுக்க வேண்டும். ஜெராக்ஸ் கடையை இன்னும் சிறிது நேரத்தில் மூடிவிடுவார்கள்.