தட்சிணசித்ராவா, ஆத்தங்குடிப் பட்டறையா, கொட்டானா? பிள்ளைகளுக்குக் கைத்தொழில் பழக எது சரி

லீவு வந்தால் போதும், பிள்ளைகளை ஏதாவது கைத்தொழில் பழக எங்கே அனுப்பலாம் என்று சொந்தத்தில் யாராவது கேட்டுவிடுவார்கள். என் மகளுக்காக மூன்றையும் பார்த்தாயிற்று, கடைசியில் கொட்டான், அதாவது நம் செட்டிநாட்டுப் பனையோலைக் கூடை, முடைவதில்தான் சேர்த்தேன். அதனால் நான் எந்தப் பக்கம் பேசப்போகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முட்டுக்காடு தட்சிணசித்ராவைப் பற்றி நிறையப் பேருக்குத் தெரியும். 1996இல் திறந்த இடம், தென்னாட்டுப் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுபோய் அங்கே மறுபடி எழுப்பியிருக்கிறார்கள், நம் செட்டிநாட்டு வீடும் அதில் ஒன்று. குயவர் சக்கரம், கூடை பின்னுதல், கண்ணாடி வேலை எல்லாம் ஒரே வளாகத்தில். பொங்கல், நவராத்திரிக் கொலு என்று பருவத்துக்கு ஏற்ற நிகழ்ச்சிகளும் உண்டு. செவ்வாய்க்கிழமை விடுமுறை, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது, பிள்ளைக்கு மண் பிடிக்கிறதா ஓலை பிடிக்கிறதா என்று தெரிந்துகொள்ள நான் முதலில் அங்கேதான் போகச் சொல்வேன். ஆனால் பல ஊர்ப் பிள்ளைகள் வருகிற இடம், ஒருவர் கை வைத்துப் பார்த்து எழுந்தால் அடுத்தவர் உட்கார வேண்டும். அது அப்படித்தான் இருக்க முடியும்.

காரைக்குடிப் பக்கம் தரைக்குப் பதிக்கிற பூக்கல் செய்யும் ஆத்தங்குடி வேறு மாதிரி. அங்கே யாரும் நமக்காகச் செய்து காட்டுவதில்லை, பிழைப்புக்காக நடக்கிற வேலையின் ஓரத்தில் நாம் நிற்கிறோம். கண்ணாடிச் சில்லின் மேல் உலோக அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் சாயம் கலந்த சிமெண்டைக் கரண்டியால் ஊற்றி, அச்சைத் தூக்கினால் பூ அப்படியே நிற்கும். மேலே காய்ந்த மணலும் சிமெண்டும் தூவி, ஈரக் கலவை போட்டு, கரணையால் மட்டமாக்கி ஓரமாக வைத்துவிடுவார்கள். அப்புறம் சில நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊற வேண்டும், கண்ணாடி பிரிந்து வரும்போதுதான் அந்தப் பளபளப்பு தெரியும். சூளையும் கிடையாது, பாலிஷும் கிடையாது. பல பட்டறைகளில் கேட்டால் பிள்ளைகளைச் சாயம் ஊற்ற விடுகிறார்கள். சிமெண்ட் கையை அரிக்கும், கையுறை கொண்டுபோங்கள். பார்க்க இதைவிட அழகான வேலை நம் பக்கத்தில் இல்லை.

இருந்தும் நான் ஏன் இதைத் தேர்ந்தெடுக்கவில்லை என்றால், ஒரே காரணம்தான்: பழகியதை மறுநாள் வீட்டில் உட்கார்ந்து செய்ய முடியுமா? பூக்கல்லுக்கு அச்சு வேண்டும், கண்ணாடி வேண்டும், தொட்டி வேண்டும். பிள்ளை ஊற்றிய கல் ஊறி முடிப்பதற்குள் நாம் ஊருக்குக் கிளம்பியிருப்போம், தன் கல் எப்படி வந்தது என்றுகூட அதற்குத் தெரியாது. செய்ததைத் திரும்பச் செய்யாமல் எந்தக் கையும் பழகாது. நான் இந்த ஒன்றையே பிடித்துக்கொண்டு நிற்பது அதனால்தான்.

கொட்டானுக்கு வேண்டியது குருத்தோலை, கத்தி, ஈரத்துணி, கொஞ்சம் சாயம், அவ்வளவுதான். ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் கிழித்து, கொதிக்கும் சாயத்தில் முக்கி எடுத்துக் காயவைத்த ஓலையைப் பின்னுவதற்கு முன் நனைத்து எடுத்தால் வளையும். அடிச்சதுரம் முடியும்வரை எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரிதான் போகிறார்கள், மூலையில் ஓலையை மடக்கிச் சுவரை எழுப்பும்போதுதான் யார் கை எப்படி என்று தெரிகிறது. என் மகள் முடைந்த கொட்டானைச் சொல்லிக்கொடுத்த ஆச்சி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார், மூலையில் வெளிச்சம் ஊசி முனையளவு தெரிந்தது. “பிரிச்சிட்டுத் திரும்பப் போடு ஆத்தா. ஓலை காஞ்சா ஒடியும், துணியைப் போட்டு மூடிக்க” என்றார். பிரித்துத் திரும்பப் போட நேரம் இருந்தது, அதுதான் எனக்கு முக்கியம். வீட்டுக்கு வந்தபின் பரணில் கிடந்த பழைய கல்யாணக் கொட்டான்களை இறக்கி வைத்துக்கொண்டு, எந்த நிறம் எதன் மேல் ஏறுகிறது என்று அவளாகவே பார்த்துப் பின்னுகிறாள்.

இந்தத் தொழில் இன்று பழகக் கிடைப்பதற்கே விசாலாட்சி ராமசாமி 2000 வாக்கில் தொடங்கிய எம்.ஆர்எம்.ஆர்எம். கல்ச்சுரல் ஃபவுண்டேஷன் ஒரு பெரிய காரணம். மறந்துகொண்டிருந்த வேலையைக் கிராமத்துப் பெண்கள் கையில் வருமானமாக ஆக்கினார்கள்.

குறையும் இருக்கிறது. ஓலை சும்மா கிடைக்காது. மரம் ஏற ஆள் வேண்டும், ஒரே மரத்தில் குருத்தை வெட்டிக்கொண்டே இருந்தால் மரம் கெடும். மழைக்காலத்தில் ஓலை பூஞ்சை பிடிக்கும், முடைந்த கொட்டானையும் அவ்வப்போது காற்றாட வைக்க வேண்டும். தரமில்லாத சாயம் என்றால் ஈரம் பட்டதும் கையில் ஒட்டும்.

கண்டாங்கித் தறி பற்றியும் கேட்கிறார்கள். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை, ஆனால் தறியில் பிள்ளைகளை உட்காரவைத்துப் பழக்கிய அனுபவம் எனக்கில்லை, அதனால் சிபாரிசு செய்ய மாட்டேன். தறிக்குழிக்குக் கால் எட்டவே கொஞ்சம் வயது வேண்டும் என்று மட்டும் தோன்றுகிறது.

எப்போது வருவது? பொங்கலை ஒட்டிப் பட்டறை பார்க்க வராதீர்கள், அப்போது வேலை நடக்காது. திருவிழா பார்க்க என்றால் அதே சமயம் வாருங்கள், தைப் பொங்கல் கழிந்த முதல் செவ்வாய்க்கிழமை நாட்டரசன்கோட்டையில் கண்ணாத்தாள் கோயில் முன் நகரத்தார் குடும்பங்கள் வரிசையாகப் பொங்கல் வைக்கும் செவ்வாய்ப் பொங்கல். அது பார்வையாளருக்காக ஏற்பாடு செய்ததல்ல, ஓரமாக நின்று பாருங்கள். கைத்தொழிலுக்கு மாசி, பங்குனி நல்லது, ஓலையும் காயும், கல்லும் காயும், வெயிலும் தாங்கும். ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால் ஆத்தங்குடி போங்கள். ஒரு வாரம் தங்க முடிந்தால் கொட்டான், ஆனால் கிளம்புமுன் ஓலை இருக்கிறதா என்று போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள், திரும்பும்போது ஒரு கட்டு கூடவே வாங்கி வந்துவிடுங்கள்.