எனக்கு ஆறு வருடம் உழைத்த பழைய 70-200

என்னிடம் இருப்பது கேனான் இஎஃப் 70-200 எஃப்/2.8 எல், தூரத்தில் இருப்பதை அருகில் காட்டும் டெலி ஜூம் லென்ஸ். 70-200 என்பது மில்லிமீட்டரில் அதன் குவியத் தூரம், எண் கூடக்கூட இன்னும் தூரம் எட்டும். எஃப் என்பது லென்ஸ் எவ்வளவு திறக்கும் என்ற கணக்கு, எண் சிறிதாக இருந்தால் வெளிச்சம் அதிகம். 1995-ல் வந்த மாடல், கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசர் கிடையாது. செகண்ட் ஹேண்டில் வாங்கி ஆறு வருடம் ஆகிறது. வாலிபால், கால்பந்து, பேட்மின்டன், ஓட்டப்பந்தயம் என்று அநேகமாக எல்லா வாரமும் கேனான் 80டி கேமரா பாடியில் இதைப் பொருத்தித்தான் எடுக்கிறேன். கையில் இருக்கிற காசுக்குள் விளையாட்டுப் படம் எடுக்க எந்த டெலி ஜூம் வாங்கலாம் என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். நீங்கள் எடுக்கப் போகிற இடங்களிலேயே வெளிச்சம் ரொம்பக் குறைவான இடம் எது? அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதி லென்ஸ்களை யோசிக்கவே வேண்டியதில்லை.

இந்தக் கேள்வி எனக்கே தாமதமாகத்தான் தோன்றியது. முதலில் வைத்திருந்தது கேனானின் 55-250 எஸ்டிஎம் லென்ஸ். எடை வெறும் 375 கிராம். நல்ல வெயிலில் அது எடுத்துக் கொடுத்த ஓட்டப்பந்தயப் படங்களை இன்றைக்கும் வைத்திருக்கிறேன், அந்த லென்ஸைக் குறை சொல்ல மனம் வராது. அப்புறம் ஒரு நாள் உள்ளரங்கில் பள்ளிப் பிள்ளைகளின் வாலிபால் ஆட்டம் எடுக்கப் போனேன். முழு ஜூமில் அந்த லென்ஸ் அதிகபட்சம் எஃப்/5.6 வரைதான் திறக்கும். வெளிச்சத்துக்கான சென்சாரின் உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 3200 வைத்தும் ஷட்டர் வேகம் 1/200 நொடிக்கு மேல் போகவில்லை. வீட்டுக்கு வந்து, பந்தை ஓங்கி அடிக்கும் ஒரு ஸ்பைக் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பையன் குதித்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறான், அதனால் முகம் தெளிவாக இருக்கிறது, நெற்றி வியர்வைகூடத் தெரிகிறது. ஆனால் தோளுக்கு மேலே கை இல்லை, புகை மாதிரி ஒரு கோடுதான் இருக்கிறது. பந்து முட்டை வடிவத்தில் இழுபட்டிருந்தது. அன்றைக்கு எடுத்த நானூறு படங்களில் முக்கால்வாசி இப்படித்தான்.

கணக்கு எளிமையானது. எஃப்/5.6-ஐவிட எஃப்/2.8 இரண்டு ஸ்டாப் அதிகம், அதாவது நான்கு மடங்கு வெளிச்சம். அதே அரங்கில், அதே ஐஎஸ்ஓ 3200-ல், 1/200 இருந்த இடத்தில் 1/800 கிடைக்கும். வாலிபாலில் விரல்கள் தனித்தனியாகத் தெரிய அந்த வேகம் வேண்டும். பழைய லென்ஸிலேயே 1/800 வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ 12800-க்குப் போக வேண்டும். 80டி-யில் அந்த அளவில் தோலின் நிறமே மாறிப்போகிறது.

ஸ்டெபிலைசர் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் காசை அதில்தான் விடுகிறார்கள். அது நம் கை நடுக்கத்தைச் சமாளிக்கும், ஆட்டக்காரரின் ஓட்டத்தை ஒன்றும் செய்யாது. 1/800, 1/1000 என்று எடுக்கும்போது கை நடுக்கம் ஒரு பிரச்சினையே இல்லை. சைக்கிள் பந்தயத்தில் கேமராவைக் கூடவே திருப்பி, பின்னணியை இழுத்து எடுக்கிறவர்களுக்கு அது பயன்படும். திருமண வீடியோவும் எடுக்கிறவர்களுக்குப் பயன்படும். எனக்கு இரண்டும் இல்லை. அதனால் 2001-ல் ஸ்டெபிலைசரோடு வந்த ஐஎஸ் மாடலையும் 2010-ல் வந்த அதன் இரண்டாம் பதிப்பையும் விட்டுவிட்டு, இரண்டுக்கும் முந்தைய, மலிவான மாடலைத் தேடினேன். இதே மாடலின் எஃப்/4 வகை 705 கிராம்தான், தோளுக்குச் சுகம். வெளி மைதானம் மட்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்கலாம். எனக்கு உள்ளரங்கம் பாதி வேலை, அதனால் அது ஒத்துவரவில்லை. சிக்மாவிலும் டாம்ரானிலும் 70-200 எஃப்/2.8 லென்ஸ்கள் உண்டு. நிக்கான் வைத்திருப்பவர்கள் பழைய 80-200 எஃப்/2.8டி-யைப் பார்க்கலாம். ஆனால் அந்த லென்ஸுக்குள் மோட்டார் இல்லை, பாடியிலிருக்கும் மோட்டார்தான் அதைத் திருப்ப வேண்டும். டி3000, டி5000 வரிசை பாடிகளில் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது. வாங்குவதற்கு முன்பு இதைப் பார்த்தே ஆக வேண்டும்.

பழைய லென்ஸ் வாங்குவதில் நான் அவசரப்படவில்லை. முதலில் பார்த்த ஒன்று வெளியே பளபளவென்று இருந்தது, விற்றவரும் சுத்தமான சரக்கு என்றுதான் சொன்னார். பின்மூடியைக் கழற்றி, மொபைல் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து சாய்வாக அடித்து முன்னால் பார்த்தேன். ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரி மெல்லிய இழைகள் கிளை பிரிந்து படர்ந்திருந்தன. பூஞ்சை. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஒன்றிரண்டு தூசித் துகள் இருந்தால் கவலை வேண்டாம், படத்தில் வராது. பால் படிந்த மாதிரி மங்கல் இருந்தால் வேண்டவே வேண்டாம், எதிர்வெளிச்சத்தில் படம் முழுக்க வெளுத்துப்போகும். சொந்த பாடியைக் கொண்டுபோங்கள். லென்ஸின் திறப்பான அப்பெர்ச்சரை எஃப்/16-ல் வைத்து ப்ரிவியூ பட்டனை அழுத்தினால் உள்ளே இருக்கும் இதழ்கள் சட்டென்று மூடித் திறக்க வேண்டும், இதழ்களில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது. ஃபோகஸ் மோட்டார் கிறீச்சிட்டால் அதன் ஆயுள் முடியப் போகிறது என்று அர்த்தம். கடைசியாக, ஒரு செய்தித்தாளைச் சாய்த்து வைத்து 200-ல், எஃப்/2.8-ல் எடுத்துப் பாருங்கள், நீங்கள் ஃபோகஸ் செய்த வரிதான் கூர்மையாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். என்னுடையது ஒரு வரி பின்னால் போனது. 80டி-யில் ஃபோகஸைக் கொஞ்சம் முன்பின் நகர்த்தும் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் இருப்பதால் சரிசெய்துகொண்டேன். அந்த வசதி எல்லா பாடியிலும் இல்லை. இவ்வளவு பார்த்தும், லென்ஸைத் தாங்கியில் பொருத்தும் வளையமான ட்ரைபாட் காலரைக் கேட்க விட்டுவிட்டேன், அதைத் தனியாக வாங்க வேண்டியதாயிற்று. ஒற்றைக் கால் தாங்கியான மோனோபாட் வைப்பதற்கு அது இல்லாமல் முடியாது.

எடையைப் பற்றி உள்ளதைச் சொல்ல வேண்டும். லென்ஸ் 1310 கிராம், பாடி 730 கிராம், இரண்டும் சேர்ந்தால் இரண்டு கிலோ. முதல் மாதம் இரண்டாவது பாதி ஆட்டத்தில் இடது மணிக்கட்டு வலித்தது. மோனோபாட் வந்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. லென்ஸின் பின்புறத்தில் தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம் கிடையாது, மழை வந்தால் உறை போட வேண்டும். ஆறு வருடத்தில் மோட்டாரோ இதழ்களோ ஒரு நாளும் சண்டித்தனம் செய்ததில்லை.

ஃபோகஸ் விஷயத்தில் நான் எதிர்பார்க்காத ஒரு லாபம் கிடைத்தது. கேமரா ஃபோகஸ் செய்யும்போது லென்ஸை முழுதாகத் திறந்துவைத்துத்தான் பார்க்கும், 80டி-யின் நடு ஃபோகஸ் புள்ளி எஃப்/2.8 லென்ஸில் இன்னும் துல்லியமாக வேலை செய்யும். மங்கலான அரங்கில் பழைய லென்ஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டிருந்த இடத்தில் இது நேராகப் போய்ப் பிடிக்கிறது. கிட்டத்தில் ஃபோகஸ் தேடாமல் தடுக்கும் லிமிட்டரை 3 மீட்டர் பக்கம் தள்ளிவிடுவேன், ஃபோகஸை ஷட்டர் பட்டனிலிருந்து கேமராவின் பின்பட்டனுக்கு மாற்றிவிட்டேன். ஒரே ஒரு எச்சரிக்கை. 20 மீட்டர் தூரத்தில், 200-ல், எஃப்/2.8-ல் கூர்மையாக விழும் ஆழம் சுமார் ஒரு மீட்டர்தான். பின்னால் நிற்கும் கூட்டமும் வண்டிகளும் கரைந்துபோவது அதனால்தான். ஃபோகஸ் நழுவிப் பின்னால் வரும் ஆட்டக்காரரைப் பிடித்துவிட்டால் அந்தப் படம் போனதுதான்.

"அண்ணே, எல்லாரும் 150-600 வெச்சிருக்காங்களே, நானும் அதையே வாங்கட்டுமா?" என்று கூட எடுக்கிற ஒரு தம்பி கேட்டான். பகலில் கிரிக்கெட் மட்டும் எடுப்பதாக இருந்தால் தாராளமாக வாங்கு என்றேன், ஆடுகளம் அவ்வளவு தூரத்தில் இருக்கிறது. ஆனால் அவன் விளக்கு வெளிச்சத்தில் கால்பந்து எடுக்கிறவன். 600-ல் அது எஃப்/6.3 லென்ஸ், விளக்கு வெளிச்சத்துக்குப் போதாது.

200 போதாது என்பது கால்பந்தில் உண்மைதான். சர்வதேசப் போட்டி மைதானத்தின் நீளம் 100 முதல் 110 மீட்டர். என் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால், 20 மீட்டர் தூரத்தில் ஓடும் ஆட்டக்காரர் சட்டகத்தின் முக்கால் உயரத்துக்குக் கொஞ்சம் மேலேயே நிரம்புவார். 40 மீட்டருக்குப் போனால் அதில் பாதி. அதனால் முழு மைதானத்தையும் துரத்துவதை விட்டுவிட்டேன். கோல் கோட்டுக்குப் பின்னால், கார்னர் கொடிக்கும் கோல் கம்பத்துக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்வேன். பெனால்ட்டி பகுதியின் ஆழம் 16.5 மீட்டர்தான், அதற்குள் நடப்பதில் பெரும்பகுதி என் லென்ஸுக்கு எட்டும். ஆட்டக்காரர்களின் முகமும் என்னைப் பார்த்துத்தான் வரும். அடுத்த முனையில் கோல் விழுந்தால் அது எனக்குக் கிடைக்காது, அதை ஏற்றுக்கொண்டேன். பகல் ஆட்டத்துக்கு, லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவில் பொருத்தும் 1.4 மடங்கு எக்ஸ்டெண்டர் போட்டால் 280 எஃப்/4 ஆகிறது. ஃபோகஸ் வேகம் கொஞ்சம் குறையும், கூர்மையும் ஒரு சொட்டுக் குறையும். வெயிலில் சமாளிக்கலாம்.

பேட்மின்டன் வேறு கதை. களமே 13.4 மீட்டர் நீளம்தான், பக்கத்தில் உட்கார இடம் கிடைத்தால் 200 தேவையே இல்லை. அங்கே நான் பெரும்பாலும் ஜூம் இல்லாத 85 எஃப்/1.8 லென்ஸ் போடுகிறேன், எஃப்/2.8-ஐவிட இரண்டு மடங்குக்கும் மேல் வெளிச்சம், எடை 425 கிராம். பேட்மின்டன் மட்டும்தான் எடுப்பீர்கள் என்றால் ஜூம் யோசனையையே விட்டுவிட்டு அதை வாங்குங்கள். அரங்க விளக்குகளில் இன்னொரு தொல்லை உண்டு. பல விளக்குகள் மின்சாரத்தோடு சேர்ந்து நொடிக்கு 100 அல்லது 120 தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, 1/1000-ல் தொடர்ச்சியாக எடுத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மஞ்சளாக மங்கியும் வரும். 80டி-யில் இருக்கும் ஆன்டி-ஃப்ளிக்கர் வசதி, விளக்கு பிரகாசமாகும் நேரம் பார்த்து ஷட்டரைத் திறக்கிறது. உள்ளரங்கம் எடுக்கிறவர்கள் பாடி வாங்கும்போது இது இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது ஜூம் வளையத்தின் ரப்பர் தளர்ந்திருக்கிறது, முன்விளிம்பில் பெயின்ட் போய்விட்டது. போன மாதம் நண்பரின், உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகை மிரர்லெஸ் பாடியில் அடாப்டர் போட்டு இதே லென்ஸை மாட்டிப் பார்த்தேன். ஃபோகஸ், ஓடிவரும் பெண்ணின் கண்ணைப் பிடித்துக்கொண்டு கோடு தாண்டும்வரை விடவே இல்லை. பாடியைத்தான் அடுத்து மாற்றப் போகிறேன், லென்ஸ் இதுவேதான்.