பார்ட்ஸ்காஸ்டர் அனுபவம்: நெக்குக்குச் செலவழியுங்கள், பாடியை அளந்து வாங்குங்கள்

எலக்ட்ரிக் கிதாருக்கு நெக்கை (கம்பிகளை அழுத்தி வாசிக்கும் கழுத்துப் பகுதி) ஒரு இடத்திலும் பாடியை (உடல் பகுதி) இன்னொரு இடத்திலும் வாங்கிச் சேர்த்து, பார்ட்ஸ்காஸ்டர் என்கிற கிதாரைச் செய்ய முடிகிறதென்றால் அதற்கு லியோ ஃபெண்டருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். 1950-களின் தொடக்கத்தில் வந்த டெலிகாஸ்டரிலும், 1954-ல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரிலும் நெக்கைப் பசை போட்டு ஒட்டாமல் நான்கு ஸ்க்ரூவில் முடுக்கினார். வேலை சீக்கிரம் முடியும், கெட்டால் கழற்றி மாற்றலாம் என்பது அவர் கணக்கு. இன்று அதே அளவுகளில் நெக்கும் பாடியும் செய்து விற்கும் கம்பெனிகள் நிறைய. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கும் வார்மோத் அவற்றில் பழையது.

என்னுடையது வார்மோத் நெக்கும், வேறு இடத்தில் வாங்கிய ஆல்டர் மரப் பாடியும் சேர்ந்த ஸ்ட்ராட் வகை கிதார். சென்னையில், ஏசி ஓடும் அறையிலும் ஓடாத அறையிலும் மாறி மாறிச் சில வருடங்கள் வாசித்தாகிவிட்டது. கூடவே பவுலோனியா மரப் பாடியில் ஒரு டெலி வகையும் உண்டு. நெக்குக்குப் போன பணம் பாடிக்குப் போனதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இன்றைக்குத் திரும்பச் செய்தாலும் அப்படியேதான் செய்வேன்.

காரணம், கை எப்போதும் இருப்பது நெக்கில். பாடியின் நிறம் மேடையில் இருப்பவருக்குத் தெரியாது, எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும்.

நெக்கில் முதலில் பார்க்க வேண்டியது ஃப்ரெட்போர்டின், அதாவது ஃப்ரெட் என்கிற உலோக மெட்டுகள் பதித்த பலகையின், வளைவு. அதை ரேடியஸ் என்பார்கள். பழைய ஃபெண்டர் அளவு 7.25 அங்குலம். இப்போதைய ஃபெண்டர்களில் பெரும்பாலும் 9.5. எண் சிறியதாக இருந்தால் போர்டு அதிகம் வளைந்திருக்கிறது என்று பொருள். கார்டு (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிப்பது) பிடிக்க 7.25 சுகமானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் கர்நாடக இசைக் கமகம் வாசிக்கிறவருக்கு அது சிக்கல். தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரிஷபத்து ஃப்ரெட்டிலேயே விரலை வைத்துக் கம்பியை இழுத்து மத்தியமத்தைத் தொட்டுத் திரும்ப வேண்டும், அதாவது நான்கு ஃப்ரெட் தூரம். அவ்வளவு இழுக்கும்போது கம்பி வளைவின் மேட்டை நோக்கி ஏறுகிறது, மேலே இருக்கும் ஃப்ரெட்டுகளில் இடித்து ஸ்வரம் அங்கேயே செத்துவிடுகிறது. கம்பியை உயர்த்தி வைத்தால் சரியாகும், ஆனால் விரல் வலிக்கும். நான் எடுத்தது நட்டுப் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளமுள்ள துண்டு) பக்கம் 10 அங்குலத்தில் தொடங்கி, போகப் போக 16 வரை தட்டையாகும் காம்பவுண்ட் ரேடியஸ். கம்பியைத் தாழ்வாக வைத்தும் இழுப்பு அடைபடுவதில்லை. 1970-களில் ஜான் மெக்லாக்லின் சக்தி குழுவில் வாசித்ததுபோல ஃப்ரெட்டுகளுக்கு நடுவே குடைந்த ஸ்கேலப் போர்டும் ஒரு வழி. ஆனால் அதில் கார்டு பிடிக்கும்போது கொஞ்சம் அழுத்தினாலே சுருதி ஏறிவிடும். கார்டு, கமகம் இரண்டும் வாசிக்கிறவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

அடுத்தது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஃப்ரெட். சாதாரண ஃப்ரெட் நிக்கல் சில்வர். பெயரில்தான் வெள்ளி, உள்ளே இருப்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும். கமகம் அடிக்கடி வாசித்தால் மெல்லிய கம்பிகளுக்கு அடியில் பள்ளம் விழுந்துவிடும். என் டெலியில் விழுந்திருக்கிறது, விளக்கடியில் சாய்த்துப் பார்த்தால் நன்றாகத் தெரியும். ஸ்டீல் ஃப்ரெட்டில் இன்றுவரை ஒரு கீறல் இல்லை, கம்பி அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. சத்தம் கூர்மையாகிவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். எனக்குப் பெரிதாக எதுவும் தெரியவில்லை.

மரத்துக்கு ரோஸ்டட் மேப்பிள் எடுத்தேன். ஆக்சிஜன் குறைவான சூளையில் சுட்ட மேப்பிள் இது. ஈரத்தைக் குறைவாகவே உறிஞ்சும். சாதாரண மேப்பிள் நெக்கைப் பச்சையாக விடக் கூடாது, வார்னிஷோ லாக்கரோ அடித்தே ஆக வேண்டும். சுட்டதற்கு அது தேவையில்லை, வியர்த்த கையிலும் ஒட்டாது. சென்னைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். மழைக்காலத்தில் மரம் ஊதும், ஏசி அறையில் சுருங்கும். நீளவாக்கில் அல்ல, அகலவாக்கில். அப்போது ஃப்ரெட்டின் முனை ஓரத்தில் நீட்டிக்கொண்டு உள்ளங்கையைச் சுரண்டும். டெலியின் நெக்கில் மெல்லிய அரத்தால் அதைத் தேய்த்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது. சுட்ட நெக்கில் அந்த வேலை வரவில்லை, நெக்கை நேராக வைக்க உள்ளே இருக்கும் ட்ரஸ் ராட் என்கிற கம்பியையும் எப்போதாவது கால் திருப்புதான். ஒரு எச்சரிக்கை: சுட்ட மரம் நொறுங்கும் தன்மை கொண்டது. ட்யூனர் (கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் பிருடை) ஸ்க்ரூவுக்கு முதலில் சின்னத் துளை போடாமல் முடுக்கினால் பிளந்துவிடும்.

ஃப்ரெட்போர்டு இந்திய ரோஸ்வுட், நம் ஊரில் ஈட்டி, தோதகத்தி என்று சொல்கிற மரம். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்கிற இனம் அமெரிக்காவிலிருந்து கஸ்டம்ஸ் கட்டி வீடு வந்தது தனிக் கூத்து. 2017 முதல் ரோஸ்வுட் இனம் முழுவதும் சைட்ஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) கட்டுப்பாட்டில் இருந்தது. 2019 நவம்பரில் முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கும் அவற்றின் பாகங்களுக்கும் விலக்கு கொடுத்தார்கள். அதற்கு முன் வாங்கியவர்களிடம் கேளுங்கள், காகித வேலை பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

சரி, பாடிக்கு வருவோம். மரத்தின் பெயரைவிட அளவைக் கேளுங்கள். நெக் உட்காரும் பாக்கெட்டின் அகலம் 56 மி.மீ. அளவில் இருக்க வேண்டும், ஆழம் 16. ஸ்ட்ராட் நெக்கின் அடிமுனை வளைவாகவும் டெலியுடையது நேராகவும் இருக்கும். ஸ்ட்ராட் நெக் டெலி பாக்கெட்டில் மூலையில் இடைவெளி விட்டாவது உட்காரும். டெலி நெக் ஸ்ட்ராட் பாக்கெட்டில் மூலை இடித்து உட்காராது. 21 ஃப்ரெட்டா 22-ஆ என்பது பெரிய பிரச்சினை இல்லை, கூடுதல் ஃப்ரெட் போர்டின் நீட்சியில்தான் இருக்கும். ஸ்ட்ராட்டில் அந்த நீட்சி, பாடியின் முகப்பில் முடுக்கியிருக்கும் பிக்கார்டு என்கிற தகட்டின்மேல் வருவதால், பிக்கார்டைக் கழற்ற நெக்கைத் தளர்த்த வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு ஆன்லைன் கடையில் நான் முதலில் வாங்கிய பாடியில் பிரிட்ஜ் (பாடியில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) துளைகள் மையத்திலிருந்து ஒரு பக்கமாக விலகியிருந்தன. மெல்லிய முதல் கம்பி ஃப்ரெட்டின் விளிம்பில் ஓடியது, இழுத்தால் வெளியே நழுவியது. திருப்பி எடுத்துக்கொள்ளவும் மாட்டோம் என்றார்கள். துளைகளில் மரக்குச்சி அடித்துப் பசை போட்டு அடைத்து, புதிதாகத் துளைத்துத்தான் அதை உபயோகத்துக்குக் கொண்டுவர முடிந்தது.

அதனால் துளை இல்லாத நெக்கை மாட்டும்போது இப்படிச் செய்யுங்கள். நெக்கைப் பாக்கெட்டில் வைத்து கிளாம்பால் லேசாகப் பிடியுங்கள். நட்டின் இரு ஓரப் பள்ளங்களிலிருந்து பிரிட்ஜின் இரு ஓரச் சேடில்களுக்கு (ஒவ்வொரு கம்பியும் உட்காரும் சிறு துண்டுகள்) நூல் கட்டுங்கள். நூலுக்கும் போர்டின் விளிம்புக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக வரும்வரை நெக்கை நகர்த்துங்கள். நட்டிலிருந்து 12-ஆம் ஃப்ரெட்டுக்கு 324 மி.மீ., அதே அளவு அங்கிருந்து மெல்லிய முதல் கம்பியின் சேடிலுக்கு வர வேண்டும். தடித்த கம்பிகளுக்குக் கொஞ்சம் பின்னால் போகும். பிறகுதான் பாடியின் துளை வழியாக அடையாளம் வைத்து, சுமார் 3 மி.மீ. பிட்டால் நெக்கில் துளைக்க வேண்டும். ஸ்க்ரூவில் மெழுகுவத்தியைத் தேய்த்துக்கொள்ளுங்கள். பாடியில் உள்ள துளையில் ஸ்க்ரூ பிடிக்காமல் வழுவழுவென்று போக வேண்டும், அதன் மரை நெக்கில் மட்டும்தான் கடிக்க வேண்டும். பாடியிலும் கடித்தால் நடுவே மெல்லிய இடைவெளி தங்கிவிடும், எவ்வளவு முடுக்கினாலும் இறுகாது. பாக்கெட்டின் பக்கவாட்டில் காகிதம் நுழையும் அளவு இடைவெளி இருந்தால் பதற வேண்டாம். அடிப்பகுதி சமமாகப் படிவதுதான் முக்கியம். பெயிண்ட் திட்டு இருந்தால் சுரண்டிவிடுங்கள்.

ஆல்டரா, ஆஷா, மகோகனியா என்ற விவாதத்தில் எனக்கு ஆர்வம் போய்விட்டது. கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பை மாற்றினால் சத்தத்தில் வரும் மாற்றத்துக்கு முன்னால் அது ஒன்றுமில்லை. எடை மட்டும் முக்கியம். பவுலோனியா பாடி காற்று மாதிரி இருக்கிறது, தோளுக்குச் சுகம். ஆனால் கையை எடுத்தால் நெக்கின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக் தரையைப் பார்த்துக் கவிழும். சொரசொரப்பான ஸ்வேட் தோல் பட்டையும் எடை குறைந்த ட்யூனர்களும் போட்ட பிறகு ஓரளவு அடங்கியது. நின்று வாசிக்கிறவர் ஆல்டருக்கே போகலாம்.

விற்கும் எண்ணம் இருந்தால் ஒன்று. பார்ட்ஸ்காஸ்டரை முழுக் கிதாராக விற்றால் போட்ட பணத்தில் பாதி வந்தாலே அதிர்ஷ்டம். நெக்கைத் தனியாக, பாடியைத் தனியாக விற்றால் கொஞ்சம் தேறும். நெக் வந்த பெட்டியையும் ஆர்டர் விவரம் அச்சடித்த தாளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வாங்க வருகிறவர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.