வாரிக்கா, கெனில்வொர்த்தா? ஒரு கோட்டைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால்

இங்கிலாந்துக்குச் சுற்றுலா போகிறவர்கள் லண்டனை முடித்துவிட்டு, ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு ஒரு நாள் ஒதுக்குவது வழக்கம். கோவென்ட்ரியிலோ பர்மிங்காமிலோ பிள்ளைகள் படிக்கிறார்கள் என்றால் பெற்றோரும் அந்தப் பக்கம் ஒரு சுற்று போய்வருவார்கள். ‘வந்ததுதான் வந்தோம், ஒரு கோட்டையையும் பார்த்துவிடலாம்’ என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது வாரிக். அங்கிருந்து ஏறக்குறைய 8 கிலோமீட்டரில் இருக்கும் கெனில்வொர்த்தைப் பலர் கேள்விப்படுவதே இல்லை. கேள்விப்பட்டவர்களும் ‘அது இடிந்து கிடக்கிறதாமே’ என்று விட்டுவிடுகிறார்கள்.

எனக்கு அதில்தான் வருத்தம். ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் கெனில்வொர்த்துக்குத்தான் போகச் சொல்வேன். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு மட்டும் வேறு பதில் இருக்கிறது.

முதலில் வாரிக். வில்லியம் மன்னர் 1068-ல் ஏவன் ஆற்றங்கரையில் மண்மேடு போட்டுத் தொடங்கிய கோட்டை இது. இன்று நாம் பார்த்து வியக்கும் கல் வேலைப்பாட்டில் பெரும்பகுதி 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சீசர் கோபுரம் 44 மீட்டர், ‘கை’ (Guy) என்பவரின் பெயர் கொண்ட பன்னிரண்டு பக்கக் கோபுரம் 39 மீட்டர். இரண்டிலும் ஒரு கல்கூடச் சரியாமல் இருப்பதைப் போலத் தோன்றும். ‘கோட்டை’ என்றதும் நம் மனத்தில் என்ன படம் வருமோ அப்படியே கண்முன் நிற்கும்.

நுழைவாயிலில் அவசரப்பட வேண்டாம். கூட்டம் உங்களைத் தள்ளிக்கொண்டு போகும். ஓரமாக ஒதுங்கி அண்ணாந்து பாருங்கள். நுழைவழியின் கூரையில் ஓட்டைகள் இருக்கும். மேலிருந்து இறக்கும் இரும்புத் தொங்குகதவுக்கான பள்ளம் இரண்டு பக்கச் சுவரிலும் ஓடும். முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு, நடுவில் சிக்கிய எதிரியின் தலைக்கு மேல் அந்த ஓட்டைகள். கோட்டை வாசல் என்பது ஆளைப் பிடிக்கும் பொறி என்று சொல்லாமலே புரிந்துவிடும். வாரிக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

உள்ளே போனதும் நிலைமை மாறிவிடுகிறது. 1604-ல் ஃபுல்க் கிரெவில்லின் கைக்கு வந்த பிறகு இது மெல்ல மெல்ல ஒரு பிரபு மாளிகையாக மாறிப்போனது. 18-ஆம் நூற்றாண்டில் புகழ்பெற்ற தோட்டக்கலைஞர் கேப்பபிலிட்டி பிரவுன் சுற்றுப்புறத்தைப் புல்வெளியும் மரங்களுமாக அமைத்தார். 1978-ல் மெழுகுச் சிலைகளுக்குப் பேர்போன டுஸாட்ஸ் குழுமம் இதை விலைக்கு வாங்கியது. இப்போது நடத்துவது மெர்லின் நிறுவனம், அதாவது பொழுதுபோக்குப் பூங்காக்களை நடத்துகிறவர்கள். ஆகவே கழுகு பறக்கவிடும் காட்சி, குதிரைவீரர் சண்டை, மெழுகுப் பொம்மைகள், திகில் நிலவறை என்று பட்டியல் நீளும். பத்து வயதுப் பையனுக்கு இதைவிட நல்ல நாள் வாய்க்காது. வரலாற்றைத் தேடிப் போகிறவருக்கோ எந்தக் கல் உண்மையில் எந்தக் காலத்தது என்று பிரித்துப் பார்ப்பதே பெரும்பாடு.

சரி, கெனில்வொர்த்துக்கு வருவோம். வாகன நிறுத்தத்தில் இருந்து கோட்டைக்குப் போகும் நீண்ட மேட்டுப் பாதை உங்களுக்குச் சாதாரண நடைபாதையாகத்தான் தெரியும். அது உண்மையில் ஓர் அணை. நம் ஊர் ஏரிக்கரையில் நடப்பதைப் போல நடக்கிறீர்கள். ஏரி மட்டும் இல்லை. பக்கத்து ஓடைகளை இப்படி மறித்து, கோட்டையின் தெற்கிலும் மேற்கிலும் சுமார் 100 ஏக்கருக்குத் தண்ணீரைத் தேக்கி வைத்திருந்தார்கள். இன்று அங்கே புல்தரை. அந்தப் பரப்பு முழுவதும் தண்ணீர் என்று கற்பனை செய்து பார்த்தால்தான் 1266-இன் கதை விளங்கும்.

அதற்கு முந்தைய ஆண்டு ஈவ்ஷம் போரில், மன்னர் மூன்றாம் ஹென்றியை எதிர்த்துக் கிளம்பிய பிரபுக்களின் தலைவர் சைமன் டி மான்ட்ஃபோர்ட் கொல்லப்பட்டார். அவருடைய ஆட்கள் கெனில்வொர்த்துக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். மன்னரின் படை ஜூன் மாதம் வந்து சூழ்ந்தது. கல்லெறியும் பொறிகளை நிறுத்தினார்கள், மரக்கோபுரங்களைக் கட்டினார்கள், தண்ணீர் வழியே தாக்கப் படகுகளைக்கூடக் கொண்டுவந்தார்கள். எதுவும் பலிக்கவில்லை. ஆறு மாதம் கழித்து, டிசம்பரில், பசியும் நோயும்தான் உள்ளே இருந்தவர்களை வெளியே கொண்டுவந்தன. இங்கிலாந்தின் இடைக்கால வரலாற்றில் மிக நீண்ட முற்றுகைகளில் இது ஒன்று. இவ்வளவு பெரிய கதை நடந்த மண்ணில் பெரும்பாலான நாட்களில் கூட்டமே இல்லாமல் நடக்கலாம்.

அடுத்து நடுக்கோபுரம். 12-ஆம் நூற்றாண்டில் சிவப்பு மணற்கல்லால் கட்டிய கனத்த சதுரக் கட்டடம். அதன் வடக்குச் சுவரையே காணோம். மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போருக்குப் பிறகு, 1649-50 வாக்கில், இந்தக் கோட்டை இனி யாருக்கும் போர்க்கருவி ஆகக்கூடாது என்று நாடாளுமன்றத் தரப்பு அதைத் தகர்த்தது. ஏரியையும் வடித்துவிட்டார்கள். சிதைவு என்று பலர் ஒதுக்குவது இதைத்தான். ஆனால் அந்தத் திறப்பின் முன்னால் போய் நின்று பாருங்கள். சுவர் சுமார் 5 மீட்டர் கனம். வெளிப்புறம் செதுக்கிய கல், உட்புறம் செதுக்கிய கல், நடுவில் சுண்ணாம்புச் சாந்தோடு கொட்டிய கரடுமுரடான கற்கள் என்று குறுக்குவெட்டு கண்ணெதிரே இருக்கும். பாடப் புத்தகத்தில் படம் போட்டுக் காட்டுவதை இங்கே கையால் தொட்டுப் பார்க்கலாம். வாரிக்கில் இது நடக்காது. அங்கே சுவர் முழுசாக இருப்பதால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவே தெரியாது.

அப்புறம் ராபர்ட் டட்லி. ராணி முதலாம் எலிசபெத் தன் அபிமானத்துக்குரிய பிரபுவான அவருக்கு 1563-ல் இந்தக் கோட்டையைக் கொடுத்தார். ராணி வந்தால் தங்குவதற்கென்றே பெரிய பெரிய ஜன்னல்கள் வைத்துத் தனி மாளிகை எழுப்பினார் டட்லி. 1575 ஜூலையில் ராணி வந்து 19 நாட்கள் தங்கினார். வாணவேடிக்கை, வேட்டை, நாடகம் எல்லாம் தினமும் நடந்தன. ராணி இருந்த நாட்களில் கோட்டைக் கடிகாரத்தையே நிறுத்திவைத்தார்கள் என்று அக்காலக் கடிதம் ஒன்று சொல்கிறது. ராணியை மணக்கும் ஆசை டட்லிக்கு இருந்தது என்பது ஊரறிந்த சேதி. ஆனால் கல்யாணம் நடக்கவில்லை.

அந்த மாளிகைக்கு இன்று கூரையும் இல்லை, தளமும் இல்லை. கணப்படுப்புகள் மட்டும் சுவரில் அந்தரத்தில் தொங்குகின்றன. உள்ளே புதிதாகப் படிக்கட்டு அமைத்திருக்கிறார்கள். ராணியின் அறைகள் இருந்த உயரம் வரை ஏறி, அவர் பார்த்த ஜன்னல் வழியே நாமும் பார்க்கலாம். முழங்கால் வலி இருந்தாலும் மெதுவாக ஏறிவிடுங்கள், அதை மட்டும் தவறவிட வேண்டாம். டட்லி அமைத்த தோட்டத்தை அதே கடிதத்தில் உள்ள வர்ணனையைக் கொண்டு 2009-ல் மறுபடி உருவாக்கியிருக்கிறார்கள். வெள்ளைப் பளிங்கு நீரூற்றோடு கோடையில் பார்க்க அழகு.

இரண்டு கோட்டைகளையும் ஒரே கதையில் கட்டிப்போடும் ஓர் இடம் நடுவில் இருக்கிறது: பிளாக்லோ குன்று. மன்னர் இரண்டாம் எட்வர்டின் உயிர் நண்பர் பியர்ஸ் கேவஸ்டனை 1312-ல் வாரிக் பிரபு பிடித்து வந்து தன் கோட்டையில் அடைத்தார். பிறகு இந்தக் குன்றில் வைத்துக் கொன்றார்கள். அப்போது கெனில்வொர்த் யாரிடம் இருந்தது தெரியுமா? அந்தக் கொலைக்கு உடன்பட்ட லங்காஸ்டர் பிரபுவிடம். 15 ஆண்டுகள் கழித்து, 1327 ஜனவரியில், அதே எட்வர்ட் கைதியாக கெனில்வொர்த்தில் இருந்தபோதுதான் முடியைத் துறந்தார்.

இனி நடைமுறை விஷயங்கள். வாரிக்குக்குப் போவது சுலபம்: லண்டன் மேரில்போனில் இருந்து ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம், நிலையத்தில் இருந்து கால்மணி நேர நடை. கெனில்வொர்த் ரயில் நிலையத்தை 2018-ல்தான் மறுபடி திறந்தார்கள். கோவென்ட்ரியிலோ லெமிங்டனிலோ வண்டி மாற வேண்டும், இறங்கிய பிறகு கோட்டைக்குக் கொஞ்சம் அதிகமாகவே நடக்க வேண்டும். வாரிக் டிக்கெட்டின் விலை நாளுக்கு நாள் மாறும் என்பதால் முன்கூட்டியே வலைத்தளத்தில் வாங்குவது நல்லது. திகில் நிலவறைக்குத் தனிக் கட்டணம். கெனில்வொர்த்தை நடத்துவது இங்கிலிஷ் ஹெரிடேஜ் என்ற அறக்கட்டளை. வெளிநாட்டுப் பயணிகளுக்கு 9 நாள், 16 நாள் பாஸ் தருகிறார்கள். நாலைந்து கோட்டைகள் பார்க்கப் போகிறீர்கள் என்றால் அதை வாங்கிவிடுங்கள்.

அந்த பாஸ் டோவர் கோட்டைக்கும் செல்லும். லண்டனை விட்டு ரொம்ப தூரம் போக முடியாதவர்கள் வழக்கமாக வின்ட்சருக்குப் போய் ராஜ குடும்பத்து மாளிகையைப் பார்க்கிறார்கள். தவறில்லை. ஸ்ரீரங்கப்பட்டணம் 1799-ல் விழுந்தபோது எடுத்துச் சென்ற திப்பு சுல்தான் சிம்மாசனத்துத் தங்கப் புலித்தலை வின்ட்சரில்தான் இருக்கிறது. தென்னிந்தியர் அதைப் பார்க்கும்போது மனம் கனக்கத்தான் செய்யும். ஆனால் கோட்டை எப்படிப் போரிட்டது என்று அறிய டோவர்தான் சரி. லண்டன் செயின்ட் பேங்க்ரஸ் நிலையத்தில் இருந்து அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். இரண்டாம் ஹென்றி கட்டிய நடுக்கோபுரம், ரோமானியர் விட்டுப்போன கலங்கரை விளக்கம், 1940-ல் டன்கர்க்கில் இருந்து 3,38,000 வீரர்களை மீட்ட நடவடிக்கையை வழிநடத்திய சுரங்கங்கள் எல்லாம் ஒரே மேட்டில் இருக்கின்றன. மேடு செங்குத்து, வயதானவர்களை நடக்க வைக்காமல் டாக்சி பிடியுங்கள்.

பிள்ளைகள் கூட வந்தால் வாரிக்கில் முழு நாளையும் கழியுங்கள். பெரியவர்கள் மட்டும் என்றால் காலையில் கெனில்வொர்த்துக்குப் போய் மூன்று மணி நேரமாவது இருங்கள்; மாலையில் லெமிங்டன் வழியாகப் பேருந்தில் வாரிக் வந்து, பான்பரி சாலையில் உள்ள ஆற்றுப் பாலத்தின் மேல் நில்லுங்கள். சீசர் கோபுரம் தண்ணீருக்கு மேல் எழுந்து நிற்கும் காட்சி, வாரிக் கோட்டையின் ஆகச் சிறந்த காட்சி, அங்கிருந்துதான் கிடைக்கும், அதற்கு டிக்கெட்டும் கிடையாது. குளிர்காலத்தில் கெனில்வொர்த் பெரும்பாலும் சனி, ஞாயிறில் மட்டுமே திறந்திருக்கும் என்பதால் கிளம்புமுன் தேதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.