டேப்பை எடுக்காமலே கையைத் தொட்டார்கள்

மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து 14 மாதம் கழித்துத்தான் என் வலது கை கனக்கத் தொடங்கியது. சட்டைக் கை இறுகியது, மோதிரம் கழலவில்லை. அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்துவிட்டால் நீர் வடியும் பாதை குறைந்துபோகும். வீக்கம் மாதங்கள் கழித்தும் வரும், வருடங்கள் கழித்தும் வரும். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவசரப்பட்டு ஒரு தெரபி சென்டருக்குப் போனேன். “பத்து சிட்டிங்மா, வீக்கம் முழுசா கரைஞ்சிடும்.” பத்துக்கும் சேர்த்து முன்பணம் வாங்கிக்கொண்டார்கள். சூடான பையைக் கைமேல் வைத்துவிட்டு, கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தார்கள். வலிக்கிறது என்றால், “அடைப்பு உடையுது, பொறுத்துக்கோங்க” என்றார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். (கீமோவையே தாங்கியவளுக்கு இது எம்மாத்திரம் என்ற நினைப்பு வேறு.) கையை இறுக்கிப் பிடிக்கும் ஸ்லீவ் (உறை) ஒன்றும் கொடுத்தார்கள். பெட்டியிலிருந்து எடுத்து, “உங்களுக்கு மீடியம் சரியா இருக்கும்.” கையுறை கிடையாது. இரண்டே நாளில் நீரெல்லாம் கீழே இறங்கிப் புறங்கை உப்பிவிட்டது.

ஆறாவது சிட்டிங் முடிந்த இரவு கை சிவந்து கொதித்தது, குளிர் காய்ச்சல். போன் செய்தேன். “கழிவு வெளியேறுதுமா, அடுத்த சிட்டிங்கைத் தள்ளிப்போடாதீங்க.”

அது செல்லுலைட்டிஸ், தோலுக்கடியில் பரவும் தொற்று. ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். உங்களுக்குச் சிவப்பும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

தொற்று அடங்கியதும், ரத்தக்கட்டியோ புற்றுநோய் திரும்பியதோ காரணமில்லை என்று டாக்டர் ஸ்கேன் எடுத்து உறுதி செய்துகொண்டார். அதன்பிறகுதான் நிணநீர் வீக்கத்துக்கென்றே பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார். அந்த அம்மா முதலில் எடுத்தது டேப். மணிக்கட்டிலிருந்து மேலே 4 செ.மீ.க்கு ஒருமுறை, இரண்டு கையையும் அளந்து எழுதினார். சில இடங்களில் 2 செ.மீ.க்கும் மேல் வித்தியாசம். அவர் செய்த மசாஜ் கழுத்தில் ஆரம்பித்து, நல்ல பக்கத்தைத் தொட்டு, கடைசியில்தான் கைக்கு வந்தது. தோலை லேசாக இழுத்து விடுவதோடு சரி, அழுத்தமே இல்லை. பிறகு பல அடுக்குப் பேண்டேஜ், உடற்பயிற்சி, தோல் வறளாமல் பார்த்துக்கொள்வது. கை வற்றிய பிறகே ஸ்லீவுக்கு அளவெடுத்தார், கையுறையோடு.

“முழுசா போயிடுமா?” என்று கேட்டேன். “போகாது, கட்டுக்குள்ள வெச்சுக்கலாம்” என்றார். அந்தப் பதிலைக் கேட்டு அழுதேன், ஆனால் அவரை நம்பினேன்.

மீதி நாலு சிட்டிங் பணத்தைக் கேட்கப் பழைய இடத்துக்குப் போனேன். “பாதியில நின்னது நீங்கதானே? வீக்கம் நல்லா குறைஞ்சிட்டு வந்துச்சே” என்றார்கள். எவ்வளவிலிருந்து எவ்வளவு குறைந்தது, எழுதி வைத்திருந்தால் காட்டுங்கள் என்றேன். ரெஜிஸ்டரைப் புரட்டினார்கள். நான் கட்டிய தொகை மட்டும்தான் அதில் இருந்தது.