ஒரே பெயரில் இரண்டு ஜேட்: நாய் வளர்க்கிற வீட்டுக்கு எது?

தக்கலைப் பக்கம் எங்கள் வீட்டில் ஐந்து மாத நாட்டு நாய்க்குட்டி ஒன்று வளர்கிறது. பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கிற பருவம். செருப்பு, மிதியடி, தென்னை மட்டை என்று எதுவும் அதன் வாய்க்குத் தப்புவதில்லை. போன மாதம் ஒரு காலையில் திண்ணையில் ஜேட் செடித் தொட்டியைச் சுற்றி இலைகள் சிதறிக் கிடந்தன. எல்லாவற்றிலும் பல் தடம்.

"காசு வரும் செடி மக்களே, அதுல என்ன விஷம் இருக்கப் போவுது?" என்றார் பக்கத்து வீட்டு மாமி. எனக்கு மனசு ஒப்பவில்லை. கடித்த கிளையைக் கையில் எடுத்துக்கொண்டு நாகர்கோவில் போகிற வழியில் இருக்கும் நர்சரிகளில் ஏறி இறங்கினேன். அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. ஜேட் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு செடிகளை விற்கிறார்கள். ஒன்று நாய்க்கு ஆகாது. மற்றதால் பெரிய பயமில்லை.

ஆகாதது கிராசுலா ஓவேட்டா. உண்மையான ஜேட் இதுதான். இலை தடித்து, கட்டைவிரல் அகலத்துக்கு இருக்கும்; நல்ல வெயில் பட்டால் ஓரம் சிவக்கும். தண்டும் பருமன்தான், வளைத்தால் சட்டென்று முறியும். நாய் தின்றால் வாந்தி எடுக்கும், சோர்ந்து படுக்கும், சில சமயம் நடை தள்ளாடும். உயிர் போவது அரிது. ஆனால் எந்தப் பொருளால் இப்படி ஆகிறது என்பதை இன்னும் யாரும் பிரித்துக் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவில் 1866-ல் தொடங்கிய விலங்கு நலச் சங்கமான ஏஎஸ்பிசிஏ இதை நாய்க்கும் பூனைக்கும் ஆகாத செடிகளின் பட்டியலில் வைத்திருக்கிறது.

மற்றது போர்ச்சுலகேரியா ஆஃப்ரா, அதாவது எலிஃபண்ட் புஷ். நம் நர்சரிகளில் 'ஜேட்' என்று கேட்டால் பெரும்பாலும் இதைத்தான் எடுத்துத் தருகிறார்கள். இலை சின்னது, சட்டைப் பொத்தான் அளவு. இளந்தண்டு கருஞ்சிவப்பாக, மெலிந்து, கம்பி போல வளையும். இரண்டு செடிகளுக்கும் சொந்த ஊர் ஆப்பிரிக்காவின் தென்பகுதிதான். ஆனால் இதை அங்கே யானையும் ஆடும் மேயும். மனிதர்கள்கூட இலையைப் பறித்துத் தின்பார்கள், புளிப்பாக இருக்குமாம். எங்கள் குட்டி கடித்தது இதைத்தான். அன்று மதியம் வழக்கம்போலச் சோறு தின்றது. அதற்காக ஒரு தொட்டியையே காலி செய்ய விடலாம் என்றில்லை. எந்த இலையையும் அளவு மீறித் தின்றால் நாய் வாந்தி எடுக்கும். இன்னொன்று: வாயில் போட்டு ருசி பார்த்து இந்த இரண்டையும் பிரிக்க முயலாதீர்கள். தண்டைப் பாருங்கள், அது போதும்.

ஆகுமா, ஆகாதா என்ற குழப்பம் கற்றாழையிலும் உண்டு. எண்ணெய் காய்ச்சக் கற்றாழை அறுத்தவர்களுக்குத் தெரியும்: வெட்டிய இடத்தில் மஞ்சளாக ஒரு பால் வடியும், கசப்பும் வாடையும் தூக்கலாக இருக்கும். அது வடியட்டும் என்று மடலைச் சாய்த்து வைத்த பிறகுதான் உள்ளே இருக்கும் சோற்றை எடுப்போம். அந்த மஞ்சள் பாலில் உள்ள அலோயின்தான் நாய்க்கு வாந்தியும் கழிச்சலும் கொடுக்கிறது. சோறு மட்டும் என்றால் பிரச்சினை குறைவு. ஆனால் நாய் தோலோடுதானே கடிக்கும்? கற்றாழைக்குப் பதிலாக ஹவோர்த்தியா வைக்கலாம். சின்னக் கற்றாழை மாதிரியே இருக்கும், மடலில் வரிக்குதிரை போல வெள்ளை வரி ஓடும், நாய்க்குத் தீங்கில்லை. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் வாங்குகிற நம் மாவட்டத்தில் இன்னொரு வசதியும் உண்டு: நேர் வெயில் இல்லாத திண்ணையிலேயே அது நன்றாக வரும். ரோஜாப் பூ போல இலை அடுக்கியிருக்கும் எச்செவேரியாவும் விஷமில்லைதான். ஆனால் சாரல் படுகிற இடத்தில் வைத்து இரண்டு செடிகளை அழுகக் கொடுத்துவிட்டேன், அதனால் என் ஓட்டு ஹவோர்த்தியாவுக்கு.

நான் உண்மையில் பயப்படுவது வேறு இரண்டுக்கு. ஒன்று ரணகள்ளியும் அதன் இனமான பூத்தொட்டி கலாஞ்சோவும். அவற்றில் இதயத் துடிப்பைக் குழப்பும் நஞ்சு இருக்கிறது, பூவில் அதிகம். கல்லடைப்புக்கு நாட்டு மருந்து என்று நாம் வீட்டில் வைத்திருப்பதால் நாய்க்கும் ஒன்றும் செய்யாது என்று நினைத்துவிடக் கூடாது. இன்னொன்று, மொட்டை மாடிதோறும் பூக்கிற அடீனியம். தோவாளைச் சந்தைக்கு வரும் அரளி விஷம் என்று நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அடீனியமும் அரளிக் குடும்பம்தான், அதன் பாலும் இதயத்தைத்தான் தாக்கும். இந்த இரண்டையும் குட்டி வளர்கிற வீட்டில் எட்டாத உயரத்தில் வைப்பதைவிட யாருக்காவது கொடுத்துவிடுவதே மேல். நான் கொடுத்துவிட்டேன்.

நாய் எதையாவது கடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அந்த உப்பே நாயை வீழ்த்திவிடும். வாயில் ஒட்டியிருக்கும் இலையை எடுத்துவிட்டு, கடித்த கிளையை ஒரு பையில் போட்டுக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள். "ஜேட் தின்றது" என்று மட்டும் சொன்னால் எந்த ஜேட் என்று அவருக்கு எப்படித் தெரியும்? கிளையைக் கையில் கொடுங்கள்.